கரண்ட் போய் வந்தா?

அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். பல்லடத்தில் திருப்பூர் ரோட்டு மேல் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கடை. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் கழற்றிப் போட்ட ஸ்டேட்டர்களும் நீளநீளமான போர் மோட்டார்களும்தான் அடையாளம். எங்கள் பக்கம் தண்ணீர் எண்ணூறு, ஆயிரம் அடிக்குக் கீழே போய்விட்டதால் மோட்டார் கருகுவது அன்றாடச் செய்தி. கருகிய மோட்டாரை டெம்போவிலிருந்து இறக்கும் விவசாயிகளின் முகத்தில் சாவு வீட்டுக் களை இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடைக்குத்தான் போவேன். என் வேலை எண்ணுவது. அப்பா கை மெஷினைச் சுற்றச் சுற்ற நான் சுற்றுகளை எண்ணிக்கொண்டே வர வேண்டும். எண்ணிக்கை தவறினால் அவ்வளவையும் அவிழ்க்க வேண்டும். அவிழ்ப்பதும் என் வேலைதான்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு நீள நோட்டில் ஒரு பக்கம் உண்டு. எத்தனை ஹெச்.பி., எத்தனை ஸ்லாட், கம்பி என்ன கேஜ், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கடைசியாக எதனால் கருகியது. இந்தக் கடைசி வரியை அப்பா ஒருநாளும் விட்டதில்லை. ‘லோ வோல்ட்’, ‘ஒரு ஃபேஸ் இல்லை’, ‘டிரை ரன்’, ‘இடி’. ஒரே தோட்டத்து மோட்டார் இரண்டாவது தடவை அதே காரணத்துக்காக வந்தால், காயில் கட்டும் முன்பே தோட்டக்காரருக்குக் கச்சேரி ஆரம்பமாகிவிடும்.

2012 ஆகஸ்டில் என் முதல் ராஸ்பெரி பை வந்தது. அப்போது கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. சனி, ஞாயிறு வீட்டில். அந்த ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி இங்கிலாந்தில் அது விற்பனைக்கு வந்தபோது, விற்ற இரண்டு நிறுவனங்களின் இணையதளங்களும் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டன. விலை 35 டாலர். நம் ஊருக்கு வந்து சேர்வதற்குள் மூவாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. அதற்கும் பல வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏடிஎம் அட்டை அளவில் ஒரு பச்சைப் பலகை. அதில் ஒரு முழுக் கம்ப்யூட்டர்.

அப்பா அதை உள்ளங்கையில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன பண்ணும் சாமி?”

“லீனக்ஸ் ஓடும்ங்ப்பா. டிவியில மாட்டினாக் கம்ப்யூட்டர்.”

“கம்ப்யூட்டர்தான் ஏற்கெனவே வெச்சிருக்கறயே. அப்புறம் இந்த ஊசியெல்லாம் எதுக்கு?”

நான் அந்தப் பலகையை வாங்கியதே அந்த ஊசிகளுக்காகத்தான். மூலையில் இரண்டு வரிசையாக 26 பின்கள். கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முந்தைய தலைமுறை போலக் கம்ப்யூட்டரைக் குடைந்து பார்த்த அனுபவம் இல்லை என்ற கவலையில்தான் எபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் இதை உருவாக்க இறங்கினார்கள். பெயரில் உள்ள ‘பை’ பைத்தான் மொழியிலிருந்து வந்தது. ஆனால் பலகையில் எனக்குப் புதிதாகப் பட்டது அந்தப் பின்வரிசைதான். 26-இல் சில மின்சாரம் தருபவை, சில எர்த். மீதி 17 பின்களை நம் புரோகிராம் சொன்னபடி ஆட்டிவைக்கலாம். ஒரு வரி எழுதினால் அந்த ஊசி முனையில் 3.3 வோல்ட் நிற்கும். இன்னொரு வரி எழுதினால் போய்விடும். அதே ஊசியை, வெளியே வோல்ட் இருக்கிறதா இல்லையா என்று கேட்கும் காதாகவும் மாற்றலாம்.

அன்று இரவு 11-ஆம் பின்னில் 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு சிவப்பு எல்.இ.டி.யை மாட்டினேன். வன்பொருளைத் தொட அப்போது ரூட் அனுமதி வேண்டும். அதனால் சூடோ போட்டுத்தான் பைத்தானைத் தொடங்க வேண்டும். ஐந்து வரி புரோகிராம். விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. நான் அதுவரை எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளில் ஒன்றுகூடத் திரையை விட்டு வெளியே வந்ததில்லை. இந்த ஐந்து வரி மேஜை மேல் நின்று கண் சிமிட்டியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நல்லா இருக்குது கண்ணு” என்றார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதுக்கு ஒரு சுச்சு போதுமே” என்றார்.

சுவிட்ச் போதாத வேலை ஒன்று வீட்டிலேயே இருந்தது. சம்பில் நல்ல தண்ணீர் விழும். அங்கிருந்து அரை ஹெச்.பி. ஓப்பன்வெல் மோட்டார் மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்குக்கு ஏற்றும். மோட்டாரைப் போட்டுவிட்டு, டேங்க் நிரம்பி மேலே வழிகிற சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பது அம்மாவின் வேலை. அந்த ஆண்டு கோவை, திருப்பூர்ப் பக்கமெல்லாம் கரண்ட் வெட்டு உச்சத்தில் இருந்தது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. கரண்ட் வருகிற நேரம், சம்பில் தண்ணீர் இருக்கிற நேரம், அம்மா விழித்திருக்கிற நேரம் மூன்றும் ஒன்றாக அமைந்தால்தான் டேங்க் நிரம்பும். ராத்திரி இரண்டு மணிக்கு ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் எல்லோரும் புரண்டு படுத்துத் தூங்குவார்கள்; அம்மா எழுந்து மோட்டார் போடப் போவார். இந்த வேலையை அந்தப் பச்சைப் பலகையிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்தேன்.

ஊசி முனையின் 3.3 வோல்ட்டால் மோட்டாரைச் சுழற்ற முடியாது. ஒரு பின்னிலிருந்து 16 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது, எல்.இ.டி.க்கு அதிகம், மோட்டாருக்குத் தூசு. அதனால் நடுவில் ஆள் வைக்க வேண்டும். பின் ஒரு சின்ன ரிலேயைத் தூண்டும், ரிலே மோட்டாரைப் போடும். நான் வாங்கிய நீல ரிலேயின் முதுகில் 250 வோல்ட், 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. மோட்டாருக்கு நாலு ஆம்பியர்கூட வேண்டாம், தாராளம் என்றேன். அப்பா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

“பத்துன்னு எழுதியிருக்கறது பல்புக்கு. மோட்டார் கிளம்பற நேரத்துல பல மடங்கு இழுக்கும். நிறுத்தறப்ப பொறி அடிக்கும். நாலு மாசத்துல உள்ள இருக்கற காண்டாக்ட் ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா நீ என்ன புரோகிராம் போட்டாலும் மோட்டார் நிக்காது.”

கடையிலிருந்து ஒரு கான்டாக்டரை எடுத்துக் கொடுத்தார். ஆக, பின் ரிலேயிடம் சொல்லும், ரிலே கான்டாக்டரிடம் சொல்லும், கான்டாக்டர் மோட்டாரைப் போடும். மணியக்காரர், தலையாரி, வெட்டியான் மாதிரி மூன்று படி.

முதல் பலகை அந்தக் கான்டாக்டரைப் பார்க்காமலே செத்தது. ஸ்க்ரூ டிரைவர் கை நழுவி முதல் இரண்டு பின்களின் குறுக்கே விழுந்தது. 1-ஆம் பின்னில் 3.3 வோல்ட், அதை ஒட்டிய 2-ஆம் பின்னில் 5 வோல்ட். ஒன்றோடொன்று தொட்டால் 5 வோல்ட் நேராக மூளைக்குள் பாயும். அந்தச் சில்லு 3.3-க்கு மேல் தாங்காது. திரை கருத்தது. அதற்குப் பிறகு விடியவே இல்லை. அப்பா பலகையை எடுத்து மோந்து பார்த்தார். மோட்டார் கருகினால் தெருமுனை வரைக்கும் வார்னிஷ் நாற்றம் வரும். எத்தனை காயில் போயிருக்கிறது என்று மூக்காலேயே சொல்லிவிடுவார். “வாசமே இல்லாமச் செத்துப் போச்சே” என்றார். அவருடைய தொழிலில் அப்படி ஒரு சாவு கிடையாது.

இரண்டாவது பலகை வந்தது. அதே 26 பின், அதே இடம். பழைய புரோகிராமை அப்படியே போட்டேன். 11-ஆம் பின் வேலை செய்தது; 13-ஆம் பின் செத்த மாதிரி கிடந்தது. இரண்டு ராத்திரி மண்டை காய்ந்தேன். ஒயரை மாற்றினேனா, எல்.இ.டி.யை மாற்றினேனா, எல்லாம் செய்தேன். விஷயம் வேறு. ஒவ்வொரு பின்னுக்கும் இரண்டு எண். பலகையில் வரிசையாக எண்ணினால் வருவது ஒன்று. உள்ளே இருக்கும் பிராட்காம் சில்லு அந்தக் கம்பிக்கு வைத்திருக்கும் பெயர் இன்னொன்று. எண்ணும் முறையில் 11-ஆவது ஊசிக்குச் சில்லு வைத்த பெயர் 17. நான் சில்லின் பெயரில்தான் எழுதியிருந்தேன். முதல் பதிப்புப் பலகையில் 13-ஆவது ஊசிக்குச் சில்லில் பெயர் 21. அந்த ஆண்டே வந்த இரண்டாம் பதிப்பில் அதே ஊசியை 27-ஆம் கம்பியோடு இணைத்துவிட்டார்கள். நான் இல்லாத ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. “ஒயர் கலரை நம்பி கனெக்சன் குடுத்தவன் கதையெல்லாம் நம்ம நோட்டுல எத்தனை இருக்குது. எந்த மோட்டாரா இருந்தாலும் டெஸ்ட் பல்ப் வெச்சுப் பார்த்துட்டுத்தான் எழுதணும்.” அன்றே நானும் ஒரு நோட்டு போட்டேன். ஊசி எண், சில்லின் பெயர், என்ன மாட்டியிருக்கிறது, என்ன நிற ஒயர். முதல் பக்கத்திலேயே பலகை எந்தப் பதிப்பு என்று எழுதினேன்.

டேங்கில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துகொள்ள ஒலி அளவி ஒன்று வாங்கினேன். இரண்டு உருண்டைக் கண்களோடு சிறு பல்லி மாதிரி இருக்கும். ஒரு பின் வழியாக 10 மைக்ரோ செகண்ட் தட்டினால், காதுக்கு எட்டாத 40 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு கூவல் கூவும். அது தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை இன்னொரு பின்னில் அளக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குப் போய்வர 58 மைக்ரோ செகண்ட். அது பதில் சொல்வது 5 வோல்ட்டில். நேராகக் கொடுத்தால் இரண்டாவது பலகைக்கும் காரியம்தான். ஒரு கிலோ ஓம், இரண்டு கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வைத்து 3.3-ஆகப் பங்கிட்டுக் கொடுத்தேன்.

ஆனால் அளவு ஒன்று போல வரவில்லை. அசையாத தண்ணீர், ஒரு தடவை 62 சென்டிமீட்டர், அடுத்த தடவை 81. குற்றம் பல்லியுடையது அல்ல. லீனக்ஸ் ஒரே நேரத்தில் நூறு வேலை பார்க்கிறது. என் புரோகிராம் கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய அந்த நொடியில் அது வேறு யாருக்கோ பந்தி பரிமாறிக்கொண்டிருக்கும். ஒரு மில்லி செகண்ட் தாமதித்தால் 17 சென்டிமீட்டர் தப்பு. பின்களைப் பைத்தானில் ஆட்டுவதற்கு அப்போது எல்லோரும் பயன்படுத்திய நூலகத்தை எழுதிய பென் கிராஸ்டனே, துல்லியமான நேரம் வேண்டிய வேலைக்கு இது ஏற்றதல்ல, பைத்தான் எப்போது குப்பை அள்ளப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று அதன் அறிமுகத்திலேயே எழுதிவைத்திருந்தார். நான் அதைப் படிக்காமல் வேலையைத் தொடங்கியிருந்தேன். கடைசியில் ஒன்பது தடவை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளும்படி எழுதினேன். ஊர்ப் பஞ்சாயத்தில் இரண்டு ஓரத்துக் கத்தலையும் விட்டுவிட்டு நடு ஆளைக் கேட்பது போல.

2013 பொங்கல் விடுமுறையில் எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினோம். புரோகிராமைத் தொடங்கினேன். டேங்க் நிரம்பித்தான் இருந்தது. ஆனாலும் ‘டக்’ என்று கான்டாக்டர் பிடித்து, மோட்டார் உறுமி, உடனே நின்றது. அப்பா என்னைப் பார்த்தார். அந்த ரிலே பலகை தலைகீழ்ப் பிறவி. பின்னில் வோல்ட் இல்லாவிட்டால் ஆன், இருந்தால் ஆஃப். ஒரு பின்னை ‘இனி நீ பேசும் பின்’ என்று அறிவித்ததும் அது முதலில் பூஜ்யத்தில் நின்றது. ரிலேக்கு அதுவே கட்டளை. அறிவிக்கும்போதே முதல் நிலையையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் இந்த உளறல் இல்லை. சரி செய்தேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“சரி, கரண்ட் போய் வந்தா?”

“தானா பூட் ஆகும்ங்ப்பா. புரோகிராமும் தானாக் கிளம்பிக்கும். டேங்க்ல தண்ணி கம்மியா இருந்தா மோட்டாரைப் போட்டுக்கும்.”

“ம்” என்றார். அது சரி என்று சொல்லும் ‘ம்’ அல்ல என்பது இப்போது புரிகிறது. அன்று எனக்குப் பெருமை மட்டும்தான் இருந்தது.

நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. அம்மா ராத்திரி எழுந்திருப்பதை விட்டுவிட்டார். பக்கத்து வீட்டாருக்கெல்லாம் “எங்க புள்ள கம்ப்யூட்டரே மோட்டார் போடுது” என்று சொல்லி, இரண்டு பேர் வந்தும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு அம்மா அப்பாவை எழுப்பியது எனக்கும் கேட்டது. “ஏனுங்க, மோட்டார் சத்தம் ஒரு மாதிரி இருக்குதுங்க.” மாடியிலிருந்து சுவரெல்லாம் தண்ணீர் வழிந்து, வாசலில் குளமாகி, வேப்ப மரத்தடி வரைக்கும் சேறு. சம்பு வறண்டு கிடந்தது. அதன் தரையில் எங்கள் ஓப்பன்வெல் மோட்டார் வெறும் காற்றில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ரக மோட்டாருக்குச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் சூட்டைத் தணிக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் தன் சூட்டிலேயே வெந்துவிடும். அப்பா மெயினை அணைத்துவிட்டுச் சம்பு மூடியைத் திறந்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த வாசம் மேலே வந்தது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் பலகையைத் திரையில் மாட்டி என்ன நடந்தது என்று தேடினேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கரண்ட் போய்வந்து, பலகை பட்டென்று செத்துச் செத்துப் பிழைத்ததில், மெமரி கார்டு கெட்டு, இனி எதையும் எழுதிக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்திருந்தது. என் புரோகிராமோ நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் அளவை அந்தக் கார்டில் குறித்துவைக்கும். எழுத முடியவில்லை என்றதும் அந்த வரியிலேயே விழுந்து செத்தது. அந்த நேரம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

புரோகிராம் செத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று நான் நினைத்திருந்தேன். திரையில் அப்படித்தான், புரோகிராம் போனால் ஜன்னல் மூடிக்கொள்ளும். பின் அப்படி இல்லை. சில்லுக்குள் அதற்கென்று ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. அதில் ‘பூஜ்யம்’ என்று எழுதிவிட்டு எழுதியவன் செத்துப்போனாலும் எழுத்து அப்படியே இருக்கும். சொன்னவன் இல்லை, சொல் நிற்கிறது. பின்களைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் ‘கிளீனப்’ கட்டளையை நான் எழுதாமல் இல்லை. புரோகிராமின் கடைசி வரியாக எழுதியிருந்தேன். அதற்கு மேலே இருந்தது முடிவே இல்லாத ஒரு சுற்று. அந்தக் கடைசி வரிக்கு ஒருநாளும் யாரும் போய்ச் சேர்ந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து, கருகிய காயிலை வெட்டி எடுத்தோம். புதுக் காயில் கட்ட, அப்பா சுற்றினார், நான் எண்ணினேன். பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த வேலை. ஸ்லாட்டுக்குள் பேப்பர் வைத்து, கம்பியை இறக்கி, மூங்கில் சில் செருகும்போது அப்பா பேச ஆரம்பித்தார். சுவரில் மாட்டியிருந்த பழைய ஸ்டார்ட்டரைக் காட்டினார்.

“அதுல நோ வோல்ட் காயில் எதுக்கு இருக்குதுன்னு தெரியுமா?”

தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பச்சைப் பட்டனை அழுத்தினால் அந்தக் காயில் காந்தமாகிக் காண்டாக்டைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காந்தம் போகும், ஸ்பிரிங் காண்டாக்டைத் தள்ளிவிடும். மறுபடி கரண்ட் வந்தாலும் ஸ்டார்ட்டர் கிளம்பாது. மனிதன் வந்து பச்சையை அழுத்த வேண்டும்.

“ஏன் அப்படி வெச்சான்? கரண்ட் இல்லாத நேரத்துலதான் ஒருத்தன் பெல்ட்டு மாட்டுவான், சம்புக்குள்ள இறங்கிக் கழுவுவான். கரண்ட் வந்ததும் தானா ஓடுச்சுன்னா அவன் கதி? உங்கிட்ட அன்னிக்கு கேட்டது அதைத்தான். நீ கிளம்பறதைப் பத்தியே சொன்னே.”

பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டார். “ஆனா தோட்டத்துக்காரன் என்ன பண்றான்? ராத்திரி ரண்டு மணிக்கு த்ரீ ஃபேஸ் வந்தாப் பாம்புக்குள்ள நடந்து போயிப் பச்சையை அழுத்தணும். அதனால ஆட்டோ சுச்சு மாட்டிக்கறான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது. உங்கம்மாளும் அந்தக் கட்சிதான். எதை மாட்டினாலும், பிடிச்சுட்டு இருக்கற வரைக்கும் ஓடணும். கையை விட்டா நிக்கணும். கடைசியாச் சொன்ன வார்த்தையை வெச்சுட்டே ஓடிட்டிருக்கக் கூடாது.”

நான் நாலு வருஷம் படித்ததிலும் ஏழு வருஷம் வேலை பார்த்ததிலும் இதை இப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மறுபடி கட்டினோம். இந்தத் தடவை ரிலேயைப் பிடித்துவைக்க, பின் வெறுமனே பூஜ்யத்திலோ ஒன்றிலோ நின்றால் போதாது. நொடிக்குப் பத்துத் தடவை மேலும் கீழும் துடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு கெபாசிட்டர், இரண்டு டயோடு, ஒரு டிரான்சிஸ்டர். துடிப்பு வந்துகொண்டிருந்தால் கெபாசிட்டரில் சார்ஜ் சேர்ந்து ரிலேயைத் தாங்கும். புரோகிராம் எந்த நிலையில் உறைந்தாலும், மேலே நின்றாலும் கீழே நின்றாலும், சார்ஜ் வடிந்து ரிலே விட்டுவிடும். பைத்தானில் எழுதிய நோ வோல்ட் காயில் அது. சில்லுக்குள்ளேயே இருக்கும் வாட்ச்டாக்கையும் எழுப்பினேன். அதிகபட்சம் 15 நொடிக்குள் ‘இருக்கிறேன்’ என்று தட்டாவிட்டால் அது பலகையையே புதிதாகத் தொடங்கிவிடும். தண்ணீர்க் கணக்கைக் கார்டில் எழுதுவதை நிறுத்தி நினைவகத்தில் மட்டும் வைத்தேன். கரண்ட் வந்ததும் மோட்டார் உடனே கிளம்பாது. இரண்டு நிமிஷம் பஸ்ஸர் அடித்துவிட்டுத்தான் கிளம்பும். அம்மாவின் கட்சிக்கும் ஸ்டார்ட்டர் கட்சிக்கும் இடையில் அப்படி ஓர் உடன்படிக்கை. சம்பைக் கழுவ இறங்குகிறவர் முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்பதில் மட்டும் உடன்படிக்கை கிடையாது.

அப்பா தன் பங்குக்கு ஒன்று செய்தார். சம்புக்குள் ஒரு ஃப்ளோட் சுவிட்சைத் தொங்கவிட்டு, கான்டாக்டர் காயிலுக்குப் போகும் ஒயரில் தொடராக மாட்டினார். தண்ணீர் இறங்கினால் மிதவை தொங்கும், ஒயர் அறுந்த மாதிரி ஆகும், கான்டாக்டர் விழும். “இவனுக்கு மூளை கிடையாது. அதனாலதான் தைரியமா விட்டிருக்கறேன்” என்றார். மேலே டேங்குக்குள் இருந்த ஒலிப் பல்லி ஆவி பட்டு அந்த மழைக்காலத்திலேயே துருவேறிச் செத்தது. அங்கேயும் ஒரு மிதவையைத்தான் போட்டோம்.

அதற்குப் பிறகு பலகைகள் எத்தனையோ மாறிவிட்டன. 2014-இல் பின்கள் 40 ஆயின. நல்லவேளையாக முதல் 26 இருந்த இடத்திலேயே இருந்தன. அடுத்த ஆண்டு வந்த ஜிபிஐஓ ஜீரோ என்ற நூலகத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மூன்றே வரியில் விளக்கெரிக்கலாம். புரோகிராம் முடியும்போது பின்னை அதுவே விடுவித்துவிடும். 2023-இல் வந்த ஐந்தாம் பையில் பின்களைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆர்.பி.1 என்று ஒரு சில்லு வைத்துவிட்டார்கள். பழைய நூலகம் சில்லின் உள்ளறைக்குள் நேராகக் கைவிட்டு வேலை செய்தது. அறை மாறியதும் அது அங்கே செல்லாக்காசாகிவிட்டது. என் புரோகிராமை மூன்று தடவை திருத்தி எழுதியிருக்கிறேன். மிதவையையும் கான்டாக்டரையும் ஒரு தடவைகூடத் தொடவில்லை.

அப்பா நோட்டில் எங்கள் வீட்டு மோட்டாருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. ஸ்லாட், கேஜ், சுற்று எல்லாம் எழுதி, காரணம் என்ற இடத்தில் ‘டிரை ரன்’ என்று போட்டிருக்கிறார். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் ‘புரோகிராம்’. அந்த நோட்டில் அந்தச் சொல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பின்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த இரண்டாவது பலகையையும் பழைய நூலகத்தையும் இதற்காகவே வைத்திருக்கிறேன். முதலில் எல்லோரையும் போல எல்.இ.டி.யை மினுக்கச் சொல்வேன். கைதட்டல் அடங்கியதும், விளக்கு எரிகிற நேரம் பார்த்துப் புரோகிராமை வலுக்கட்டாயமாகக் கொல்லச் சொல்வேன். கொல்வார்கள். திரையில் ஒன்றும் ஓடவில்லை என்று காட்டுவார்கள். மேஜை மேல் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். யாராவது ஒரு பிள்ளை “இதை இப்ப யாரு எரிய வைக்கிறாங்க?” என்று கேட்கும் வரைக்கும் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை.